கேட்பவரும் விமர்சகரே

நமது விமர்சன எழுத்து பெரும்பாலும் அச்சில் வந்ததையே பொருட்படுத்தி வந்திருக்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் பற்றிப் பேசப் புகுவோர் கிஸ்ஸா, முனாஜாத்து, மஸ்அலா, நாமா, படைப்போர் என வகைகளை அடுக்குகின்றனர். பேராசிரியர் ம. மு. உவைஸ் முதலானோர் அரும்பாடுபட்டு இவ்வகை நூல்களைத் தேடித் தொகுத்து இலக்கிய வரலாற்றில் இடம்பெறச் செய்தமை மறக்கற்பாலதன்று. ஆயினும் இவற்றிற் பல, ஒருவர் ராகமிட்டுப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்பதற்கென எழுந்தவை என்பதை மனங்கொள்ள வேண்டும். எழுதியவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். பாடியவரைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறோம். கேட்டவரைப் பற்றி அநேகமாக ஒன்றுமே எழுதவில்லை. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்த மொழியில் இந்த மௌனம் பொருத்தமானதாகத் தெரியவில்லை.

கடந்த நூறாண்டுகளில் இசையைக் கேட்டல் கருவியின் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. கிராமபோன், வானொலி, கசட், சீடி, கைத்தொலைபேசி என்று கருவி மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கருவியைச் சுற்றியும் ஊருக்கு ஊர் ஒரு சிறு கூட்டம் உருவாகியது. செட் வாங்குவது, பழுதானால் தாமே திறந்து பார்ப்பது, ஸ்பீக்கர் பெட்டி செய்விப்பது, பாட்டுகளைச் சேகரிப்பது, சேகரித்ததை இன்னொருவர் கையில் கொடுத்து "இதைக் கேட்டுப் பாருங்கள்" என்பது இக்கூட்டத்தாரின் விருப்புக்குரிய காரியங்கள். இதை வேலையற்றோர் வேலை என ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் "இதைக் கேட்டுப் பாருங்கள்" என்பது ஒரு மதிப்பீடு. நூறு பாட்டுகளில் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றை எடுத்து நீட்டும் செயல் அது. அந்தச் சொல் எப்போது விமர்சனமாகிறது, எப்போது வெறும் கைமாற்றாக நின்றுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

காலம், இடம், கூட்டாளிகள்

அளவுகோலை வெளியே தேட வேண்டியதில்லை. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா உலூமித்தீன் நூலில் 'ஸமாஉ' எனப்படும் கேட்டலின் ஒழுங்குகள் பற்றித் தனிப் பாகம் ஒன்று எழுதியுள்ளார். அங்கு பக்தாதின் ஜுனைத் அவர்களின் கருத்தொன்று எடுத்தாளப்படுகிறது. கேட்டலுக்கு மூன்று விடயங்கள் தேவை: காலம், இடம், கூட்டாளிகள். இவை அமையாவிடின் கேட்காதிருப்பதே மேல் என்பது அதன் சாரம்.

இசை ஆகுமா, ஆகாதா என்ற வாதத்துக்குள் இக்கட்டுரை நுழையாது. அதற்குரியோர் இருக்கின்றனர். தப்ஸ் மாத்திரம் போதும் என்போரும், சொல் நல்லதாயின் வாத்தியம் தடையில்லை என்போரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். நமக்கு இங்கு வேண்டியது ஜுனைதின் கூற்றிலுள்ள நுட்பம். பத்தாம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளில் மறைந்த ஒருவர், பாடுபவரின் திறமையைப் பற்றிப் பேசாமல் கேட்பவரின் நிலையைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டலும் ஒரு செயல். அதற்கும் தகுதி வேண்டும். இன்றைய ஒலிக்கருவிப் பிரியர்கள் நான்காவதாகக் கருவியைச் சேர்த்துக்கொள்கின்றனர். சேர்ப்பதில் தவறில்லை. நான்காவது வந்ததும் முதல் மூன்றும் மறக்கப்படுவதுதான் பிரச்சினை.

வானொலி கற்பித்தது

இலங்கையில் வானொலியே இசைத்தட்டோடு பிறந்தது எனலாம். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியில் நடந்த தொடக்கப் பரிசோதனைகளில் கிராமபோன் இசைதான் ஒலிபரப்பப்பட்டது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படையினருக்காக இயங்கிய ரேடியோ சியாக் நிலையத்தின் வலுவான சிற்றலைக் கருவிகள் போருக்குப்பின் இலங்கையின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்ய, அந்த வெற்றிடத்தைக் கொழும்பு நிரப்பியது. அதே 1952இல் அமீன் ஸயானியின் பினாகா கீத்மாலா தொடங்கியது. பாட்டுகளை வாராவாரம் தரப்படுத்த இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் கணக்கிலெடுக்கப்பட்டது. இன்றைய ஜார்க்கண்டிலுள்ள ஜும்ரி தெலையா என்னும் அபிரகச் சுரங்க ஊர், நேயர் விருப்பக் கடிதங்களாலேயே இந்தியாவெங்கும் பெயர் பெற்றது. கேட்பதை மட்டுமே செய்து ஓர் ஊர் புகழடைந்த கதை இது.

தமிழ்ச் சேவையின் கதை நம்மவர் அறிந்ததே. எஸ். பி. மயில்வாகனம், பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்ற பெயர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் வீட்டுப் பெயர்களாகின. இவற்றை ஏக்கத்தோடு நினைவுகூரும் கட்டுரைகள் ஏராளம் வந்துவிட்டன. விமர்சன நோக்கில் அந்நிகழ்ச்சிகளைப் பிரித்துப் பார்த்தோர் குறைவு.

நேயர் விருப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பாட்டுக்கு முன் பெயர்களும் ஊர்களும் வாசிக்கப்பட்டன. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தபாலட்டை அனுப்பியவரின் பெயர் கொழும்பிலிருந்து ஒலித்ததன் சமூக முக்கியத்துவம் பெரிது. ஆயினும் ஏன் அந்தப் பாட்டை விரும்பினார் என்பதைச் சொல்ல அங்கு இடமில்லை. விருப்பம் இருந்தது, காரணம் இல்லை.

'இசையும் கதையும்' வேறுவகை. நேயரே ஒரு கதையை எழுதி, அதன் திருப்பங்களில் தாம் தெரிந்த பாடல்களைப் பொருத்தி அனுப்புவார். கதைகள் பெரும்பாலும் காதல் தோல்விக் கதைகளே. இலக்கியத் தரம் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. என்றாலும் 'இந்தக் கட்டத்துக்கு இந்தப் பாட்டு' என்று தீர்மானிப்பதில் ஒரு வாதம் இருந்தது. சரணத்திலுள்ள ஒரு சொல்லுக்காக, அல்லது பல்லவிக்கு முன் வரும் வயலினுக்காக அந்தப் பாட்டு தெரிவாகியிருக்கும். 'பாட்டுக்குப் பாட்டு' நேயரின் ஞாபகத்தைச் சோதித்தது. இது இசையறிவை வளர்த்ததா என்றால் ஐயமே. சொற்களைப் பிசகின்றிக் கேட்கும் பழக்கத்தை வளர்த்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்த அறிவிப்பாளர்கள் செய்த ஒரு காரியம் உண்டு. படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று சொல்லிவிட்டே பாட்டைப் போட்டார்கள். ஒரு பாட்டுக்குப் பின்னால் நான்கு பேரின் உழைப்பிருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவரும் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

கசட்டும் மறைந்துபோன கவிஞரும்

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கசட்டை அறிமுகம் செய்தது. இலங்கையில் அது பரவலானது 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னரே. ஜப்பானிய ரேடியோ கசட் செட்டுகள் கடைகளுக்கு வந்தன. அதைவிட முக்கியமாக, மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோர் இரண்டாண்டு முடிந்து திரும்புகையில் ஒரு செட்டையும் கொண்டுவந்தனர். ஊவாவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் வீட்டில் இசை கேட்கும் வசதி இப்பெண்களின் உழைப்பால் வந்தது. இதை எந்த இசை வரலாறும் எழுதவில்லை. மின்சாரம் எட்டாத லயங்களில் வாகன பெட்டரியை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்து வந்து செட்டை ஓடவிட்டனர்.

கசட்டின் சிறப்பு, அது கேட்பவரைத் தொகுப்பாளராக்கியதுதான். வட இந்தியக் கசட் வணிகத்தை ஆராய்ந்து 1993இல் நூல் எழுதிய பீற்றர் மனுவெல், ஒருசில பெருங்கம்பனிகளின் பிடியிலிருந்த இசை கசட்டால் சிறு ஊர்களின் கைக்கும் வந்ததை விரிவாகக் காட்டுகிறார். சி-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். சி-90 என்றால் நாற்பத்தைந்து. இந்த எல்லைக்குள் எதை வைப்பது, எதை விடுவது, எதற்குப்பின் எது என்று தீர்மானிக்க வேண்டும். பட்டியல் எழுதி ரெக்கோடிங் கடையில் கொடுத்தவர்கள் ஒருவகையில் தொகைநூல் தயாரித்தவர்களே. பெருநாளைக்கு ஒன்று, கலியாண வீட்டுக்கு ஒன்று, நோன்புக்கால இரவுகளுக்கு ஒன்று என நம்மவர் தொகுத்தமை, ஜுனைத் சொன்ன 'காலம்' என்பதைத் தெரிந்தோ தெரியாமலோ அனுசரித்ததாகும்.

ஆனால் இங்குதான் ஓர் இழப்பும் நேர்ந்தது. வானொலி அறிவிப்பாளர் சொன்ன நான்கு பெயர்களில் கசட்டின் சிறு அட்டையில் ஒன்றுக்கே இடமிருந்தது. பாடகரின் பெயர் தங்கியது. கவிஞரின் பெயர் முதலில் விழுந்தது. இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபாவை அறியாத தமிழ் முஸ்லிம் வீடு அரிது. 2015இல் அவர் மறைந்தபோது நம்மூர்ப் பெரியவர்களும் சொந்தத்தில் ஒருவரை இழந்தாற்போல் பேசினார்கள். அவருக்குப் பாட்டெழுதிய புலவர் ஆபிதீன், கிளியனூர் அப்துல் சலாம், நாகூர் சலீம் ஆகியோரை எத்தனை வீடுகள் அறியும்? கவிஞர்களாகிய நாம், நமக்கு நேர்ந்த இந்த அநீதியைக் கண்டுகொள்ளாமலே அந்தப் பாட்டுகளைக் கேட்டு வந்திருக்கிறோம். இந்தியப் பாடலுக்கே இக்கதி என்றால், வானொலி முஸ்லிம் சேவையில் ஒலித்துவிட்டு இசைத்தட்டாகவோ விற்பனைக் கசட்டாகவோ வராமற்போன நமது கீதங்களின் கதி என்ன? அவற்றிற் சில, யாரோ ஒருவர் செட்டின் சிவப்புப் பொத்தானை அமத்திப் பதிந்து வைத்த வீட்டுக் கசட்டில் மட்டும் இருக்கலாம்.

கருவி பற்றிய மயக்கம்

இனிக் கருவிக்கு வருவோம். கருவியை நேசிப்பது குற்றமல்ல. நல்ல கருவி பாட்டிலுள்ளதைத் தெளிவாகக் காட்டும். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் அமைந்தால், பாடகரின் குரல் நடுவில் நிற்பதை உணரலாம். ஸ்பீக்கரைச் சுவரின் மூலையில் ஒதுக்கினால் அடித்தொனி வீங்கிக் குரலை மூடிவிடும். கசட் செட்டின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் மங்கிய ஒலி தெளியும். இவை காசு செலவில்லாத அறிவு. இவ்வறிவைப் பகிர்ந்த மெக்கானிக்குகளும் தையற்காரரும் நமது மரியாதைக்குரியோர்.

மயக்கம் தொடங்குவது எண்ணிக்கையில். தொண்ணூறுகளில் வந்த செட்டுகளின் முகத்தில் ஆயிரம் வாட், இரண்டாயிரம் வாட் என்று பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்றிருக்கும். ஒரு கணத்தின் உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் விளம்பரக் கணக்கு அது. தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வலு அதில் மிகச் சிறு பங்கே. இருந்தும் இளைஞர்கள் வாட்டைச் சொல்லியே போட்டியிட்டனர். யாருடைய செட்டில் கண்ணாடி அதிர்கிறது என்பது பேச்சாயிற்று. என்ன பாட்டு என்பது பேச்சாகவில்லை.

மண்பானை ஸ்பீக்கரும் இந்த மயக்கத்தின் ஏழைவடிவமே. பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பானை வாயில் பொருத்தினால் பானைக்குள்ளிருக்கும் காற்று தனக்கே உரிய ஒரு தொனியில் அதிரும். அடித்தொனி 'கும்' என்று வரும். சிறு செட்டிலிருந்து இவ்வளவு சத்தமா என்று வியப்புத் தட்டும். அந்தக் கண்டுபிடிப்பு மனதை நான் மெச்சுகிறேன். அதேவேளை ஒன்றைக் கவனிக்க வேண்டும். பானை எல்லாப் பாட்டுக்கும் ஒரே 'கும்'மைத்தான் தரும். அது பானையின் குரல், பாட்டின் குரலன்று. விலையுயர்ந்த கருவிகள் பற்றிப் பேசுவோரிடமும் இதே நிலையைக் காணலாம். ஒரே ஒரு பாட்டைப் பத்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்ப்போர், நாளடைவில் ஸ்பீக்கரைக் கேட்பதற்காகப் பாட்டைப் போடுவோராகின்றனர். விமர்சனத்திலும் இது உண்டல்லவா? கோட்பாட்டின் முழக்கத்தைக் கேட்பிப்பதற்காகக் கவிதையை எடுத்துக்கொள்ளும் கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். அங்கும் ஒலிப்பது பானைதான்.

நம் வீட்டுக் காது

முஸ்லிம் வீடுகளில் இசைச் செவி இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. இது மேலோட்டமான கூற்று. எகிப்தில் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் 1961இல் வெளியாகின. பின்னர் அவரதும் அப்துல் பாஸித், மின்ஷாவீ ஆகியோரதும் ஓதல்கள் கசட்டுகளாக நம் ஊர்களுக்கும் வந்தன. கிராஅத் என்பது இசையன்று. அதை இசையோடு சேர்த்தெண்ணவும் கூடாது. நான் சொல்ல வருவது அதைக் கேட்ட காதைப் பற்றி. மத்ரஸாவில் ஓரிரு வருடமே ஓதிய ஒரு வாப்பா, எந்த காரி எங்கே மூச்சை நிறுத்தினார், மத்தை எவ்வளவு நீட்டினார், ஒரே ஆயத்தை அப்துல் பாஸித் எப்படி எடுத்தார், ஹுஸரீ எப்படி எடுத்தார் என்று ஒப்பிட்டுச் சொல்வார். ஒலியைச் சொல்லால் விவரிக்கும் நுட்பமான விமர்சனம் அது. கெய்ரோவின் கசட் குத்பாக்களைப் பற்றி 2006இல் நூல் எழுதிய சார்ள்ஸ் ஹேர்ஷ்கைன்ட், கேட்பதையே ஒழுக்கப் பயிற்சியாகக் கொண்ட சாதாரண மனிதரை அங்கு கண்டார். வெலிமடையிலும் அத்தகையோரை நாம் காணலாம்.

இவ்வளவு கூரிய காதுள்ள சமூகம், பாட்டைப் பற்றிப் பேச வரும்போது மட்டும் 'நல்ல பாட்டு', 'சுமாரான பாட்டு' என்று இரண்டு சொல்லோடு நின்றுவிடுவது ஏன்? ஆகுமா ஆகாதா என்ற தயக்கத்தால் பாட்டை ஒளித்துக் கேட்கிறோம். ஒளித்துக் கேட்பதைப் பற்றி விரிவாகப் பேச முடியாது என்பது ஒரு காரணமாகலாம். பேசாததால் எவ்வளவு இழந்திருக்கிறோம்! ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா 1998இல் சங்கீத கலாநிதியானார். மறுவருடம் மறைந்தார். அந்த நாதஸ்வரத்தில் ஆலாபனை மூச்சு தெரியாமல் நீள்வதைக் கேட்கும்போது, கிராஅத்தில் மூச்சைக் கணக்கெடுத்துப் பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சேலத்தில் பிறந்த அல்ஹாஜ் மொஹிதீன் பேக் 1991இல் மறையும்வரை சிங்களப் பாட்டுலகில் நிலைத்து நின்றார். அவரின் நாவில் சிங்களச் சொல் எப்படி உருண்டது என்பதைக் கேட்டு எழுத, இரு மொழியோடும் வாழும் ஊவா எழுத்தாளரைவிடத் தகுதியானவர் யார்? பக்கீர் பாவாமாரின் றபான் தாளத்தை நமது கவிதையின் சந்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் யார்? இப்படிச் சொல்லும்போது நான் மூன்று சிபாரிசுகள் செய்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். சிபாரிசு என்பது இதுதான்.

இன்று

இன்று கருவிப் பஞ்சம் இல்லை. தோட்டத்துப் பிள்ளையின் கைத்தொலைபேசியில் உலகத்தின் பாட்டெல்லாம் கிடைக்கிறது. அனுப்புவதும் எளிது. ஒரு நாளில் இருபது பாட்டு வருகிறது. இருபதுக்கும் 'சூப்பர், கட்டாயம் கேளுங்கள்' என்ற ஒரே குறிப்பு. ஒன்றைக் கேட்டு முடிக்குமுன் அடுத்ததைக் கருவியே எடுத்துத் தருகிறது. அந்தத் தெரிவுக்குப் பின்னால் நம்மைப் போன்றோர் கேட்டவற்றின் கணக்கு இருக்கிறது. நம்மை அறிந்த ஒரு கூட்டாளி இல்லை. ஜுனைத் சொன்ன மூன்றில் மூன்றாவதே இப்போது இல்லாமற் போயிருக்கிறது.

கசட்டில் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் கூடியது. அதனால் பிரதி எடுத்துத் தருபவர் யோசித்தே தந்தார். அவருக்கு ஒரு மணிநேரம் செலவானது; உங்களுக்காக அவர் அந்த ஒரு மணிநேரமும் இருந்து கேட்டார். எங்கள் பக்கத்தில் கைமாறிய சில அட்டைகளில் 'இரண்டாம் பக்கம் மூன்றாவது. ஹார்மோனியம் நின்ற பிறகு வருவதைக் கவனி' என்பது போன்ற குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி, சில மதிப்புரைப் பக்கங்களைவிடப் பெறுமதியானது. பழைய கருவிக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் புதிய கருவிக்கும் கொண்டுவர முடியும் என்றே சொல்கிறேன்.

அவசரமான காரியம் ஒன்றும் உண்டு. ஊவாவின் பனியும் ஈரமும் ஒலிநாடாவுக்கு எதிரி. அலுமாரிக்கு மேல் கிடக்கும் கசட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கிறது; ஓடவிட்டால் அந்தப் பூஞ்சணம் ஹெட்டுக்கும் ஏறி அடுத்த கசட்டையும் கெடுக்கிறது. எனவே முதலில் துடைத்து, கையால் ஒருதடவை சுற்றிப் பார்த்து, நல்ல செட் ஒன்றில் ஓடவிட்டுக் கணினிக்கு மாற்ற வேண்டும். மாற்றுமுன் கசட்டின் மேல்விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும் கணினி தெரிந்த ஒரு மாணவரும் ஒரு விடுமுறைத் தவணையும் போதும்.

ஒலியை மாற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாட்டோடும் நான்கு வரி சேர வேண்டும்: பாடியவர் யார், இயற்றியவர் யார், எப்போது எங்கே பதிவானது, இதில் எதைக் கேட்க வேண்டும். முதல் மூன்றும் வரலாறு; நான்காவது விமர்சனம். இயற்றியவர் யாரென்று இன்னும் சொல்லக்கூடியோர் நம்மிடையே முதியவர்களாக இருக்கிறார்கள். இத்தகைய சஞ்சிகைகள் இதழுக்கு இரண்டு பக்கத்தை இந்த நான்கு வரிகளுக்கு ஒதுக்க வேண்டும். கவிதை அனுப்பும் வாசகர்கள், தம் வீட்டிலுள்ள ஒரு பழைய பாட்டைப் பற்றியும் எழுதி அனுப்பட்டும். பெயரற்றுப் போன ஒரு கவிஞரின் பெயராவது அப்படித் திரும்பி வரும்.